விசில் ஊதும்போது கட்டுரை கையில் இருக்க வேண்டும்: விளையாட்டு இதழியல் பட்டப்படிப்பு

விளையாட்டு இதழியலை இளங்கலைப் பட்டமாகப் படிக்க வருகிறவர்களுக்கு விளையாட்டைப் பற்றிச் சொல்லித்தர வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது. யார் எந்த ஆண்டில் எத்தனை சதம் அடித்தார், எந்த இறுதிப் போட்டியில் எந்த நிமிடத்தில் கோல் விழுந்தது என்பதெல்லாம் அவர்களுக்கு விரல் நுனியில் இருக்கும். அந்த அறிவு வீண்போகாது. ஆனால் வகுப்பறை கேட்கப்போகும் கேள்வி வேறு. நடுவர் கடைசி விசிலை ஊதும்போது பிழையில்லாத 500 சொற்கள் செய்தி டெஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்திருக்குமா?

சட்டம், புள்ளிவிவரம், நேர்காணல், அறம் என்று மூன்று நான்கு ஆண்டுகளில் படிக்கும் எல்லாப் பாடங்களும் இந்த ஒரு பயிற்சிக்குள் அடங்கிவிடும் என்பது என் உறுதியான எண்ணம். வேகம் அதில் பாதிதான். நடந்தது எது, நடந்ததைப் பற்றி நாம் நினைப்பது எது என்று இரண்டையும் கடைசி நொடிவரை கலக்காமல் வைத்திருப்பதுதான் மறுபாதி. அதுதான் கடினம்.

ஓர் இரவு நேரக் கால்பந்து ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். விசிலுக்குப் பிறகு உட்கார்ந்து எழுதத் தொடங்கினால் அச்சுக்குப் போகாது. அதனால் கட்டுரையைக் கீழிருந்து மேலாகக் கட்ட வேண்டும். இடைவேளையின் 15 நிமிடத்தில் முதல் பாதியைப் பற்றி 200 சொல் அனுப்பிவிடலாம். 70ஆவது நிமிடத்தை ஒட்டி இன்னொரு 150, 85ஆவது நிமிடத்தில் 80. மிச்சமிருக்கும் 70 சொல்தான் முதல் பத்தி. அது விசிலோடு சேர்ந்து போய், கட்டுரையின் தலையில் உட்காரும். நாம் கடைசியாக எழுதியதைத்தான் வாசகர் முதலில் படிக்கிறார்.

இதில் எங்கே தவறு நடக்கும்? முன்கூட்டியே அனுப்பிய பத்திகளுக்குள் தீர்ப்பு நுழைந்துவிடும் இடத்தில். 1999 மே 26 அன்று பார்சிலோனாவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியைப் பாருங்கள். 6ஆவது நிமிடத்தில் பாஸ்லர் அடித்த ஃப்ரீ கிக் கோலோடு பேயர்ன் மியூனிக் முன்னிலை பெற்றது. 90 நிமிடம் முடியும்வரை அப்படியே இருந்தது. 90 நிமிடத்துக்குப் பிறகு நடுவர் சேர்த்த சில நிமிடங்களில் ஷெரிங்கம், சோல்ஷர் என்று அடுத்தடுத்து இரண்டு கோல். கோப்பை மான்செஸ்டர் யுனைடெட் கையில். 85ஆவது நிமிடத்தில் ‘பேயர்ன் எந்தச் சிரமமும் இல்லாமல் வெற்றியை நோக்கி நகர்ந்தது’ என்று அனுப்பியிருந்தால் அந்தப் பத்தி முழுவதும் குப்பைக்குத்தான். அதே நிமிடத்தில் ‘ஷோல் தூக்கி அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது, யான்கர் தலைக்கு மேல் உதைத்த பந்து மேல் கம்பத்தில் மோதியது’ என்று எழுதியிருந்தால் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம். பேயர்ன் வென்றிருந்தால் அவை ஆதிக்கத்துக்குச் சாட்சி. தோற்றதால் அவையே தோல்வியின் காரணம். நடந்ததை நடந்தபடி எழுதிவைத்தால் அது இரண்டு முடிவுகளுக்கும் பொருந்தும். பொருள் சொல்லும் வேலையை அந்தக் கடைசி 70 சொல்லுக்கு விட்டுவிடுங்கள்.

பயிற்சிக்கு மைதானம்கூட வேண்டாம். பழைய ஆட்டம் ஒன்றின் முழுப் பதிவை, முடிவு தெரியாத ஆட்டமாகப் பார்த்து எடுத்து, நிறுத்தாமல், பின்னுக்கு ஓட்டாமல் ஓடவிட்டு எழுதுங்கள். 80ஆவது நிமிடத்தில் மூன்று முதல் பத்திகள் கையில் இருக்க வேண்டும்: முன்னிலையில் இருக்கும் அணி வென்றால், ஆட்டம் சமனானால், எதிரணி வென்றால். இரண்டு கழியும், ஒன்று நிற்கும். கழிந்ததை வீண் என்று நினைப்பவர்களுக்கு இந்தத் தொழில் சரிப்படாது.

குறிப்பேட்டை எப்படி வைத்துக்கொள்வது என்பதை வகுப்பில் பலர் அலட்சியமாகக் கடந்துபோவார்கள். பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள். இடது ஓரத்தில் ஒடுக்கமாக நிமிடம் அல்லது ஓவர். நடுவில் அகலமாக, நடந்தது. வலது ஓரத்தில் உங்கள் கண்ணில் பட்டது. ‘62, எண் 7 இடமிருந்து நடுவுக்கு’ என்பது நடுப் பத்தியில். ‘பயிற்சியாளர் மூன்றாவது முறையாகக் கோட்டருகே வந்து கத்துகிறார்’ என்பது வலதில். முக்கியமானதற்கு நட்சத்திரக் குறி. இடைவேளையில் எழுத உட்காரும்போது நட்சத்திரங்களை மட்டும் படித்தால் போதும். எல்லாவற்றையும் எழுதுகிறவர் ஆட்டத்தைப் பார்க்கத் தவறுவார். கோல் விழும்போது அவர் தலை குனிந்திருக்கும். சுருக்கெழுத்துப் பாடம் இருந்தால் தவிர்க்காதீர்கள். பிரிட்டனில் இதழியல் பயிற்சியில் நிமிடத்துக்கு 100 சொல் என்பது இன்றும் மதிக்கப்படும் அளவு. ஒலிப்பதிவுக் கருவி இருக்கும்போது எதற்கு என்ற கேள்வி வரும். 20 நிமிடச் சந்திப்பின் பதிவில் தேவையான ஒரு வாக்கியத்தைத் தேடிக் கேட்டுக்கொண்டிருக்க நேரம் இருக்காது என்பதுதான் பதில். குறைந்தபட்சம், நல்ல வாக்கியம் வரும்போது பதிவுக் கருவியில் ஓடும் நேரத்தையாவது தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் தொடங்குமுன் அணிப் பட்டியலைக் கையில் வாங்கி, எண்ணையும் பெயரையும் பொருத்தி, உச்சரிப்பு தெரியாத பெயரை அணி நிர்வாகியிடம் கேட்டுவிட வேண்டும். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒரே வீரரின் பெயர் ஒரே கட்டுரையில் மூன்று விதமாக வருவது நம் இணையதளங்களில் சாதாரணம். ஒரு பெயருக்கு ஓர் எழுத்துக்கூட்டல் என்று தனிக் கோப்பில் பட்டியல் வைத்துக்கொண்டால் படிப்பு முடியும்போது அது பெரிய சொத்தாகியிருக்கும்.

விதிப்புத்தகம். மாணவர்கள் மிகக் குறைவாகப் படிப்பது இதைத்தான். விளையாட்டின் பொது விதிகள் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தொடருக்கென்று எழுதப்பட்ட ஆட்ட நிபந்தனைகள் தனி ஆவணம், அதை யாரும் திறப்பதில்லை. 2019 ஜூலை 14, லார்ட்ஸ். கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதியில் நியூசிலாந்து 241, இங்கிலாந்து 241. சூப்பர் ஓவரில் இரு அணியும் 15. அதுவும் சமனானால் அதிக பவுண்டரி அடித்த அணிக்கே கோப்பை என்று நிபந்தனை சொன்னது. 26க்கு 17 என்று இங்கிலாந்து வென்றது. அதை முன்பே படித்திருந்தவர் சூப்பர் ஓவர் ஓடும்போதே கட்டுரையை எழுதியிருப்பார். படிக்காதவர் அந்த நேரத்தில் ஆவணத்தைத் தேடியிருப்பார். அந்த விதி அதே ஆண்டு அக்டோபரில் கைவிடப்பட்டது.

அந்த ஆட்டத்தில் இன்னும் நுணுக்கமான ஒன்றும் இருந்தது. கடைசி ஓவரில் 3 பந்தில் 9 ரன் தேவை என்ற நிலையில், நியூசிலாந்தின் கப்டில் எறிந்த பந்து இங்கிலாந்தின் ஸ்டோக்ஸ் மட்டையில் பட்டு எல்லைக்கோட்டைத் தாண்டியது. நடுவர்கள் ஓடிய 2, பவுண்டரி 4 என 6 ரன் கொடுத்தார்கள். கிரிக்கெட் சட்டம் 19.8இன்படி, பந்து எறியப்பட்ட கணத்தில் இரு மட்டையாளர்களும் ஒருவரையொருவர் கடந்திருந்தால்தான் ஓடிக்கொண்டிருக்கும் ரன் கணக்கில் சேரும். இரண்டாவது ரன்னில் அவர்கள் அந்தக் கணத்தில் கடந்திருக்கவில்லை; 5 ரன்தான் கொடுத்திருக்க வேண்டும் என்று முன்னாள் நடுவர் சைமன் டோஃபல் பின்னர் சுட்டிக்காட்டினார். லட்சக்கணக்கானோர் பார்த்த காட்சி அது. செய்தியாக்க முடிந்தது சட்ட எண் தெரிந்தவருக்கு.

விதியை அணிகளே தவறாகப் படிப்பதும் உண்டு. 2003 உலகக் கோப்பையில் டர்பனில் மழை குறுக்கிட்ட ஆட்டத்தில், மழையால் குறையும் ஆட்டத்துக்கு இலக்கைக் கணக்கிடும் டக்வொர்த்-லூயிஸ் முறையின் தாளில் இருந்த 229 என்ற எண்ணை வெற்றிக்கானது என்று தென்னாப்பிரிக்கா எடுத்துக்கொண்டது. அது சமன் செய்வதற்கான எண். மார்க் பவுச்சர் கடைசிப் பந்தைத் தடுத்து ஆடினார். ஆட்டம் சமனாகி, போட்டியை நடத்திய அணி முதல் சுற்றோடு வெளியேறியது. செய்தியாளர் பகுதியில் அந்தத் தாளைச் சரியாகப் படிக்கத் தெரிந்தவர் யாராக இருந்தாலும், ஆட்டக்காரர்களுக்கு முன்பே செய்தி அவர் கையில்.

கணக்குப் பாடத்துக்கு வருவோம். கால்குலேட்டர் போதும், ஆனால் எதை எதால் வகுப்பது என்று தெரிய வேண்டும். பந்துவீச்சாளர் 7.4 ஓவரில் 46 ரன் கொடுத்தார் என்றால் 46ஐ 7.4ஆல் வகுத்து 6.22 என்று எழுதுவது ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்கள் செய்யும் பிழை. 7.4 என்பது 7 ஓவரும் 4 பந்தும், அதாவது 46 பந்து. 46 பந்தில் 46 ரன், எகானமி (ஓவருக்குக் கொடுத்த ரன்) 6.00. மட்டையாளரின் சராசரியும் அப்படித்தான். 40 இன்னிங்ஸில் 8 முறை நாட் அவுட், மொத்தம் 1,280 ரன் என்றால் வகுக்க வேண்டியது 32ஆல், சராசரி 40. இன்னிங்ஸால் வகுத்தால் 32 வரும், ஒரு நல்ல வீரர் சுமாரானவராகிவிடுவார். நெட் ரன் ரேட்டில் ஆல் அவுட் ஆன அணிக்கு முழு ஒதுக்கீட்டு ஓவரும் கணக்கில் வரும்: 50 ஓவர் ஆட்டத்தில் 38.2 ஓவரில் 150க்கு ஆட்டமிழந்தால் அந்த அணியின் ரன் விகிதம் 3.00தான். வெற்றி விகிதம் 40 சதவீதத்திலிருந்து 50க்குப் போனால் அது 10 சதவீதப் புள்ளி உயர்வு. 10 சதவீத உயர்வு என்று எழுதினால் தப்பு, ஏனென்றால் உண்மையில் அது 25 சதவீதம்.

‘உலக சாதனை’ என்ற சொல்லுக்கும் இதே கவனம் வேண்டும். 2019 அக்டோபர் 12 அன்று வியன்னாவில் எலியுட் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடினார். அதற்கு முன் 2 மணி நேரத்துக்குள் யாரும் ஓடியதில்லை. ஆனாலும் அது அதிகாரப்பூர்வ சாதனை ஆகவில்லை; அது எல்லோருக்கும் திறந்த போட்டியாக நடக்கவில்லை, வேகம் காட்டும் ஓட்டக்காரர்கள் மாறி மாறி உள்ளே வந்தார்கள். 100 மீட்டரிலும் நீளம் தாண்டுதலிலும் பின்காற்று விநாடிக்கு 2.0 மீட்டரைத் தாண்டினால் சாதனைப் பட்டியலில் ஏறாது. 2009இல் பெர்லினில் உசைன் போல்ட் ஓடிய 9.58க்குப் பக்கத்தில் +0.9 என்று இருப்பது அதற்காகத்தான். தடகள முடிவுத் தாளில் நேரத்துக்கு அடுத்துக் கண் போக வேண்டிய இடம் அந்தக் காற்று எண்.

நேர்காணலில் அதிகம் கேட்கப்படுவதும் குறைவாகப் பலன் தருவதும் ஒரே கேள்விதான்: ‘எப்படி உணர்கிறீர்கள்?’ அதற்கு உலகில் எல்லா வீரர்களிடமும் ஒரே பதில் தயாராக இருக்கிறது. ஒரு நிமிடத்தை, ஒரு செயலைப் பிடித்துக் கேளுங்கள்: ‘62ஆவது நிமிடத்தில் உங்களை இடது ஓரத்திலிருந்து நடுவுக்கு மாற்றினார்கள். அது இடைவேளையிலேயே பேசி வைத்ததா, அந்த நேரத்தில் வந்த முடிவா?’ நீங்கள் ஆட்டத்தைப் பார்த்தீர்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும்; பதில் நீளும். இரண்டு கேள்வியை ஒன்றாகக் கட்டினால் சுலபமானதுக்கு மட்டும் பதில் வரும். கேள்வியே இல்லாமல் கருத்தைச் சொல்லி நிறுத்தினால் ‘ஆமாம்’ என்பதோடு முடியும். வீரர்கள் உடைமாற்றும் அறையிலிருந்து பேருந்துக்கு நடக்கும் கலப்புப் பகுதியில், நிற்பார்களா என்பதே தெரியாது, நின்றாலும் இரண்டு கேள்விக்கு மேல் வாய்க்காது. அங்கே மிக முக்கியமானதை முதலில் கேட்டுவிட வேண்டும். ‘இதை எழுதாதீர்கள்’ என்பது பேசுவதற்கு முன் இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம். அதை முன்பே தெளிவாகப் பேசிக்கொள்வது செய்தியாளரின் கடமை, குறிப்பாக ஊடகத்தோடு பழக்கமில்லாத இளம் வீரர்களிடம்.

காயத்தைப் பற்றி எழுதுவது தனிக் கவனம் கேட்கும் இடம். வீரர் தொடையின் பின்புறத்தைப் பிடித்தபடி வெளியேறினார், அவ்வளவுதான் தெரியும். ‘தசைநார் கிழிந்தது’ என்பது மருத்துவர் சொல்ல வேண்டியது. மாற்று வீரர் வந்த நிமிடம், தானாக நடந்தாரா, யாராவது தாங்கிப் பிடித்தார்களா என்று எழுதுங்கள். வாசகருக்கு அதுவே போதிய தகவல், வீரரின் அடுத்த ஒப்பந்தத்துக்கும் அதனால் ஊறு வராது.

சட்டமும் அறமும் சலிப்பான பாடங்கள் என்ற பேச்சு மாணவர்களிடையே உண்டு. அதை ஏற்க மாட்டேன். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் எஃப்ஏ கோப்பைக் கால்பந்து அரையிறுதியில் கூட்ட நெரிசலில் சிக்கியவர்களில் 97 பேர் மாண்டார்கள். நான்கு நாள் கழித்து தி சன் நாளிதழ், லிவர்பூல் ரசிகர்களே மோசமாக நடந்துகொண்டார்கள் என்ற குற்றச்சாட்டுகளை உண்மை என்ற தலைப்பிட்டு முதல் பக்கத்தில் வெளியிட்டது. காவல் துறை தரப்பிலிருந்து வந்த பேச்சு, சரிபார்க்கப்படாமல் தீர்ப்பாக அச்சேறியது. 2012இல் சுயாதீனக் குழுவின் அறிக்கை அதைப் பொய்யென்று காட்டியது, நாளிதழ் மன்னிப்புக் கேட்டது. 2016இல் மரண விசாரணை நடுவர் குழு, ரசிகர்கள் மீது தவறில்லை, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று முடிவு சொன்னது. தங்கள் பிள்ளைகள் மேல் விழுந்த பழியைத் துடைக்க அந்தக் குடும்பங்கள் 27 ஆண்டு போராடின. ‘ஒரு தரப்பு சொன்னது’, ‘நடந்தது’ என்ற இரண்டுக்கும் நடுவில் கோடு போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை.

மறுபக்கமும் உண்டு. சைக்கிள் பந்தய வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் ஊக்கமருந்து எடுத்தாரா என்ற கேள்வியை சண்டே டைம்ஸ் 2004இல் எழுப்பியது. அவர் வழக்குத் தொடுத்தார். 2006இல் அந்தப் பத்திரிகை 3 லட்சம் பவுண்டு கொடுத்துச் சமாதானமாக வேண்டியிருந்தது. 2012இல் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் விசாரணைக்குப் பிறகு அவருடைய 7 டூர் டி பிரான்ஸ் பட்டங்களும் பறிக்கப்பட்டன, அடுத்த ஆண்டு அவரே ஒப்புக்கொண்டார். செய்தி சரியாகத்தான் இருந்தது. இங்கிலாந்தின் அவதூறுச் சட்டத்தில், எழுதியது உண்மை என்று நிரூபிக்கும் பொறுப்பு வெளியிட்டவர் மேல் இருந்தது, 2006இல் நீதிமன்றத்தில் நிற்கும் ஆதாரம் அவர்களிடம் போதவில்லை. உங்களுக்குத் தெரிவது ஒன்று, ஆவணத்தோடு காட்ட முடிவது இன்னொன்று. முதலாமாண்டுச் சட்ட வகுப்பில் இந்த இடைவெளியை அளக்கத்தான் கற்றுத்தருகிறார்கள்.

அன்றாடச் சட்டச் சிக்கல்கள் இவ்வளவு பெரியவை அல்ல. ஒளிபரப்பு உரிமை வாங்காத தளத்தில் பத்து விநாடிக் காட்சியைப் போட்டாலும் நீக்கச் சொல்லி அறிவிப்பு வரும். செய்தியாளர் அட்டையோடு மைதானத்துக்குள் இருந்துகொண்டு கைபேசியில் ஆட்டத்தைப் படம் பிடித்தால் அட்டையே பறிபோகலாம். அதன் நிபந்தனைகளில் எழுதியிருக்கும், கையெழுத்துப் போடுமுன் படியுங்கள். நீங்கள் செய்தி சேகரிக்கும் போட்டியில் பந்தயம் கட்டாதீர்கள், அணிக்குள் கேட்ட தகவலைப் பந்தயம் கட்டுகிற நண்பரிடம் சொல்லவும் சொல்லாதீர்கள்.

ஒலி, ஒளி ஊடகப் பாடத்தில் ஒரே ஒரு குறிப்பு. வானொலி வர்ணனையில் புதியவர்கள் மறப்பது ஸ்கோரை. இப்போதுதான் வானொலியைத் திறந்தவர் எப்போதும் ஒருவர் இருப்பார். ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்கோரும் நேரமும் வந்துகொண்டே இருக்க வேண்டும். தொலைக்காட்சியில் நேர்மாறு, திரையில் தெரிவதைத் திரும்பச் சொல்லக் கூடாது.

எந்தக் கல்லூரி என்று தேர்ந்தெடுக்கும்போது விளம்பரத்தில் இருக்கும் ஸ்டூடியோ படத்தை விட்டுவிட்டு நான்கு விஷயத்தைக் கேளுங்கள். ஒரு பருவத்தில் எத்தனை நேரடி ஆட்டங்களுக்கு மாணவர்களை அனுப்புகிறார்கள்? அங்கிருந்து எழுதியதை ஆசிரியர் வரிவரியாகத் திருத்தித் தருகிறாரா, மதிப்பெண் மட்டும் போடுகிறாரா? ஊடகச் சட்டம் முழுப் பாடமா, ஒரு வாரச் சொற்பொழிவா? மாணவர்களே நடத்தும் தளமோ வானொலியோ உண்டா? முதல் இரண்டு கேள்விக்குத் தெளிவான பதில் வராத இடத்தைவிட, விளையாட்டு என்ற பெயரே இல்லாத பொது இதழியல் படிப்பு மேல். நீதிமன்றத்திலும் உள்ளாட்சிக் கூட்டத்திலும் செய்தி எடுக்கப் பழகியவர்தான் ஒரு விளையாட்டுச் சங்கத்தின் வரவுசெலவு அறிக்கையைப் பயமில்லாமல் திறப்பார். ஒரு வீரரை 60 மில்லியனுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வாங்கிய கிளப்பின் கணக்கில் ஆண்டுக்கு 12 மில்லியன்தான் செலவாக விழும் என்பது அங்கே தெரியவரும் விஷயம்.

பெரிய லீக் ஆட்டங்களுக்கு மாணவருக்கு அனுமதி கிடைப்பது அரிது, கிடைத்தாலும் ஏற்கெனவே ஏராளமானோர் எழுதியதையே எழுத வேண்டியிருக்கும். இரண்டாம் நிலைப் பெண்கள் லீக், பாரா தடகளம், இளையோர் மேசைப்பந்து போன்றவற்றுக்குப் போங்கள். பயிற்சியாளரின் எண் முதல் நாளே கிடைக்கும், அமைப்பாளர் கூப்பிட்டு வைத்துப் பேசுவார். ஒரு விளையாட்டைப் பிடித்துக்கொண்டு ஓராண்டு தொடர்ந்து எழுதினால், அதில் எதாவது நடக்கும்போது பெரிய ஊடகம் உங்களைத்தான் தேடும். எழுதியது வெளியான அன்றே பக்கத்தை முழுதாகக் கோப்பாகச் சேமித்துவிடுங்கள். தளங்கள் மூடிப்போகும், இணைப்புகள் செத்துப்போகும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அவற்றில் ஆறு போதும்: விசிலோடு அனுப்பிய ஆட்டச் செய்தி இரண்டு, நீள் கட்டுரை ஒன்று, நேர்காணல் ஒன்று, ஆவணத்தையோ கணக்கையோ வைத்து எழுதியது ஒன்று, ஒலி அல்லது காணொளி ஒன்று. ஆட்டச் செய்திகளில் அனுப்பிய நேரம் தெரியும்படி இருக்கட்டும். டெஸ்க்கில் இருப்பவர் தேடுவது அதைத்தான்.